கல் ரோட்டுக்காகப் பிறந்த வண்டி... சந்தக்பூ மலையில் அப்பாவும் நானும் ஒரு லேண்ட் ரோவரும்!

காலை ஆறரை மணி. மானேபஞ்சாங் கடைத்தெருவில், யாரோ ஒருவருடைய வண்டிக்கு அடியில் அப்பா மல்லாக்கப் படுத்திருந்தார்.

ஏப்ரல் மாதம்தான். ஆனாலும் பல் கிட்டுகிற குளிர். அவருடைய கம்பளிக் குல்லா மண்ணில் கிடந்தது. "அப்பா, எந்திரிங்க... வண்டிக்காரர் பார்த்தா என்ன நினைப்பாரு?" என்று நான் கெஞ்ச, அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இரும்மா... பட்டை எல்லாம் எப்படி வெச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு வந்துடுறேன்."

வண்டிக்காரர் வந்தார். பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் முட்டி போட்டு உட்கார்ந்து, குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்!

அப்பா போடியில் முப்பது வருஷம் ஜீப் மெக்கானிக். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அந்த டிரைவருக்குத் தெரிந்தது நேபாளியும் இந்தியும். ஆனால், அடுத்த இரண்டு நாளும் இவர்கள் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். நடுவில் மொழிபெயர்க்க என்னை அழைத்தது மொத்தமே மூன்று, நான்கு தடவைதான்.

இமயமலை பார்க்கத்தான் அப்பாவை அழைத்து வந்தேன். அவர் வந்தது வேறொன்றைப் பார்க்க என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொட்டபெட்டாவைவிட 999 மீட்டர் உயரம்

மானேபஞ்சாங், மேற்கு வங்க மாநிலம் டார்ஜிலிங் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். டார்ஜிலிங்கிலிருந்து கூம், சுகியாபோக்ரி வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஊரின் ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் நேபாளம். நடுவில் வேலி கிடையாது. காலை டீயை நேபாளத்தில் குடித்துவிட்டு, பிஸ்கட்டை இந்தியாவில் வாங்கலாம்.

இங்கிருந்து சிங்கலிலா மலைத்தொடரின் முதுகிலேயே 31 கிலோமீட்டர் ஏறினால் சந்தக்பூ. உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 999 மீட்டர் அதிகம்! உலகின் முதல் ஐந்து சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என நான்கை அங்கே ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

ஆனால், அந்த 31 கிலோமீட்டர் இருக்கிறதே... பல காலமாக அது ரோடே கிடையாது. தலையணை சைஸ் கற்களை வரிசையாகக் கொட்டி வைத்த ஏற்றம். அதில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், உருளைக்கிழங்கு, நோயாளி, கல்யாணப் பெண், டூரிஸ்ட் என்று எல்லோரையும் எல்லாவற்றையும் சுமந்து ஏறிக்கொண்டிருந்தது ஒரே வண்டிதான். லேண்ட் ரோவர்.

இதெல்லாம் 1950-களில் இங்கிலாந்தில் தயாரான வண்டிகள். தேயிலைத் தோட்டங்களுக்காக அந்தக் காலத்துத் துரைமார்கள் தருவித்தவை. அவர்கள் ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது கைமாறி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. 2018-ல் லேண்ட் ரோவர் தன்னுடைய 70-வது ஆண்டைக் கொண்டாடியபோது, இந்த ஊரைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார்கள். அப்போது இங்கே ஓடிக்கொண்டிருந்தவை நாற்பதுக்கும் மேல்!

மணலில் போட்ட படம்

இந்த வண்டி பிறந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1947. இரண்டாம் உலகப்போர் முடிந்து இங்கிலாந்து முழுக்கத் தட்டுப்பாடு. ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பகுதியில் உள்ள ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்கு அவர் வைத்திருந்தது, ராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப். அது தேய்ந்துகொண்டே வந்தது. 'இது போனால் இதற்குப் பதிலாக எதை வாங்குவது?' என்ற கேள்வி வந்தபோது, நாமே செய்தால் என்ன என்று கடற்கரை மணலில் ஒரு படம் போட்டுத் தன் அண்ணன் ஸ்பென்சரிடம் காட்டினார் மாரிஸ். அண்ணன்தான் ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வண்டி மேடையேறியது.

அப்போது இரும்புத் தகடு ரேஷனில்தான் கிடைக்கும். அதனால் வண்டியின் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வளைத்து நெளித்து அழகு பார்க்க அச்சு செய்யக் காசில்லை. அதனால் தகடுகளைத் தட்டையாக விட்டார்கள். பெயின்ட்கூட ராணுவத்தில் மீந்துபோன பச்சை! கார் வியாபாரம் சூடுபிடிக்கும் வரை இரண்டு, மூன்று வருஷத்துக்கு இதை வைத்து ஓட்டலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

வீட்டில் இருப்பதைப் போட்டு அம்மா ஒப்பேற்றிய குழம்பு, சில நாள் விருந்துச் சாப்பாட்டைத் தோற்கடித்துவிடும் இல்லையா? அதே கதைதான். அலுமினியம் என்பதால் உடம்பு இரும்பு மாதிரித் துருப்பிடிக்கவில்லை. தகடு தட்டை என்பதால் நசுங்கினால் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி எடுக்கலாம். பெரிய வொர்க்ஷாப் இல்லாத காடு, பாலைவனம், மலை என்று உலகம் முழுக்கப் போனது. தற்காலிக ஏற்பாடாக வந்த வண்டி, உருவம் அதிகம் மாறாமல், பின்னாளில் 'டிஃபெண்டர்' என்ற பெயரில், 2016 ஜனவரி 29 வரை தயாரானது. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். 2008-ல் இந்த நிறுவனத்தை நம்ம டாடா மோட்டார்ஸ் வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ்

எங்கள் வண்டி 1957 மாடல். டிரைவருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வாங்கியதாம். உள்ளே இன்ஜின் மட்டும் மாறியிருந்தது. பழைய பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, இந்தியாவிலேயே ஸ்பேர் கிடைக்கும் டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார்கள். "கீழ சேஸிஸ்ல நாலு இடத்துல ஒட்டுப் போட்டிருக்கான். சுத்தமான வேலை" என்று அப்பா சான்றிதழ் கொடுத்தார். அலுமினியம் மேலேதான். அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு, அது துருப்பிடிக்கும். அதைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்றார்.

இங்கே டிரைவர்களை 'தாஜு' என்று கூப்பிடுகிறார்கள். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம். தாஜு வண்டியைக் கிளப்புவதற்கு முன், பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் சித்ரே ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கின்றன. வண்டியில் கியர் கம்பி தவிர இன்னும் இரண்டு கம்பிகள். ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், இன்னொன்றில் சிவப்பு. மஞ்சளை அமுக்கினால் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் கியர்கள் எல்லாமே பாதி வேகத்துக்கும் கீழே இறங்கி, இழுக்கிற பலம் அதே அளவுக்குக் கூடிவிடும். ஆள் நடக்கும் வேகம்தான். ஆனால், மூச்சு வாங்காமல் ஏறும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

தாஜு சிவப்புக் குமிழை இழுத்த நொடியில் அப்பா என் தோளைத் தட்டினார். "சத்தம் மாறுது பாரு!" ஐம்பது வருஷத்துப் பழைய பாட்டு ரேடியோவில் வந்த மாதிரி ஒரு முகம்.

எங்கே அந்தக் கல் ரோடு?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சித்ரே தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

வீடியோ எடுக்கத் தயாராக செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி குதிக்கும், தலை கூரையில் இடிக்கும், கல்லில் சக்கரம் ஏறி இறங்கும் என்று எதிர்பார்த்தால், வழியின் பெரும்பகுதி கான்கிரீட்! சமீப வருஷங்களில் போட்டதாம். எங்களைத் தாண்டி பொலீரோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலை ஏற்றிக்கொண்டு, உள்ளே பாட்டுப் போட்டுக்கொண்டு. மேக்மாவில் சோதனைச்சாவடி முன்னால் நின்றபோது அப்பா விரல் விட்டு எண்ணினார். அங்கே நின்றவற்றில் லேண்ட் ரோவர் எங்களுடையதைச் சேர்த்து இரண்டுதான்.

கான்கிரீட் வந்ததும் பொலீரோ வந்தது. அதில் சீட் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் போகும். டூரிஸ்ட்கள் அதைத்தானே கேட்பார்கள்?

"ஒரு வேடிக்கை தெரியுமாம்மா?" என்றார் அப்பா. "லேண்ட் ரோவர் வந்ததே வில்லிஸ் ஜீப்பைப் பார்த்துத்தான். மஹிந்திரா கம்பெனியும் வண்டி வியாபாரத்துக்குள்ள வந்தது அதே வில்லிஸ் ஜீப்பை வெச்சுத்தான். ரெண்டும் பங்காளிதான். ஒரே பாட்டன் வீட்டுப் பேரப்பிள்ளைங்க இந்த மலையில சவாரிக்கு அடிச்சிக்குதுங்க."

சரிதான். சுதந்திரத்தையொட்டிய வருஷங்களில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டித் தரும் உரிமம் வாங்கித்தான் மஹிந்திரா இந்தத் துறைக்கே வந்தது. அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஸ்பேனர் பிடித்த கை வழியாகத் தெரிந்துகொண்டது.

தீதி சொன்ன பதில்

தும்லிங் நேபாள எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருந்து கைரிபாஸுக்கு இறக்கம். இறங்கி, சிங்கலிலா தேசியப் பூங்காவுக்கான சோதனை முடித்து, மறுபடி செங்குத்தாக ஏற்றம். பக்கங்களில் ரோடோடெண்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. இங்கே 'லாலிகுராஸ்' என்கிறார்கள். நேபாளத்தின் தேசியப் பூ.

காளிபோக்ரியில் டீக்கு நின்றோம். 'கறுப்புக் குளம்' என்று அர்த்தம். உண்மையிலேயே தண்ணீர் மை மாதிரி இருக்கிறது. சுற்றிலும் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கின்றன. குளத்தில் யாரும் கால் நனைப்பதில்லை, புனிதமானது.

டீக்கடை நடத்தும் அக்காவை 'தீதி' என்று கூப்பிட வேண்டும். அடுப்புக்கு முன்னால் கையைக் காய வைத்துக்கொண்டே, என்னுடைய அரைகுறை இந்தியில் என் வருத்தத்தைச் சொன்னேன். "பழைய கல் ரோடே நல்லா இருந்திருக்கும் தீதி. கான்கிரீட் போட்டு அழகைக் கெடுத்துட்டாங்க. பாவம், அந்த லேண்ட் ரோவர்கள்..."

தீதி சிரிக்கவில்லை. டீயை ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே நின்ற எங்கள் வண்டியைக் காட்டினார்.

"என் மூத்தவனுக்கு வலி எடுத்தப்போ, இந்த வண்டியிலதான் கீழ கொண்டுபோனாங்க. இதே வண்டி. இவரோட அப்பா ஓட்டினார். மழை. ராத்திரி. ஒவ்வொரு கல்லுலயும் வண்டி ஏறி இறங்கும்போது, புள்ள பொழைக்குமா, நான் பொழைப்பேனான்னு எண்ணிக்கிட்டே போனேன். பின்சீட்ல என் மாமியார் என்னை அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் பொழைச்சோம். அது இந்த வண்டியால. ஆனா, என் மருமக அப்படிப் போகக் கூடாது."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுவே. உனக்குக் கல்லு அழகு."

எனக்கு டீ தொண்டையில் நின்றது. அப்பா, "என்ன சொல்றாங்க?" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து போய்த் தீதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

போடியில் ஏலத்தோட்டத்து ஜீப்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மேலேயிருந்து வைத்தியத்துக்கு ஆள் வருகிறது என்றால், எந்த ராத்திரியும் பட்டறையைத் திறந்தவர். அவருக்கு இது புரிய மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது.

கடைசி ஏற்றம்

பிகேபஞ்சாங் வந்தது. விஷச்செடி அதிகமாக வளரும் இடம் என்பதால் இந்தப் பெயராம். இங்கிருந்து சந்தக்பூ வரை கடைசி நான்கு கிலோமீட்டர்தான் அசல் ஏற்றம். ஓரிடத்தில் ரோடு பெயர்ந்து, கல்லும் சேறுமாகக் கிடந்தது. ஒரு பொலீரோ ஆட்களை இறக்கிவிட்டு, பின்னால் வந்து, மறுபடி முட்டி முட்டி ஏறியது. தாஜு எங்களை இறங்கச் சொல்லவில்லை. சிவப்புக் குமிழை இழுத்தார். வண்டி ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துக் கால் வைக்கிற கிழவர் மாதிரி ஏறிப் போனது. என் தலை கூரையில் நங்கென்று இடித்தது. எதிர்பார்த்த வீடியோ கிடைத்துவிட்டது. ஆனால், நான் அப்போது செல்போனை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்தான். தீதி உட்கார்ந்திருந்த அதே சீட்!

மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. மறுநாள் அதிகாலை நாலரைக்கு எழுந்து போர்வையோடு வெளியே வந்தோம். கஞ்சன்ஜங்காவும் அக்கம்பக்கத்துச் சிகரங்களும் சேர்ந்து ஒருவர் மல்லாக்கப் படுத்திருப்பது போலத் தெரியும். 'உறங்கும் புத்தர்' என்பார்கள். முதலில் அவருடைய வயிற்றில் வெளிச்சம் பட்டு ஆரஞ்சானது. அப்புறம் முகம். இடதுபக்கம் தள்ளி, மகாலுவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு முனை. அதுதான் எவரெஸ்ட். அப்பா பத்து நிமிஷம் அசையாமல் நின்றார்.

அப்புறம், "வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்!

போய்ப் பார்த்தால், இருவரும் வண்டிக்கு அடியில். நேற்று கல்லில் அடிபட்டு பட்டையின் யூ போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததாம். அப்பா ஸ்பேனரை வாங்கி இறுக்கிக்கொண்டிருந்தார். தாஜு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே வைத்துத்தான் அவரிடம் கேட்டேன். "இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க தாஜு?"

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். போன வருஷம் அவரும் தவணையில் ஒரு பொலீரோ வாங்கிவிட்டார். மகன் ஓட்டுகிறான். வீட்டுச் செலவுக்குக் காசு வருவது அதிலிருந்துதான். இதில் சவாரி குறைந்துவிட்டது. மாதத்தில் பல நாள் சும்மாதான் நிற்கிறது.

"அப்போ வித்துடலாமே?" இது அப்பா கேட்கச் சொன்ன கேள்வி.

"குளிர்காலத்துல பனி கொட்டும். மழைக்கு மலை சரியும். அன்னிக்கு யாருக்காவது வலி எடுத்தா, எம் பையன் வண்டி இங்க வந்து சேராது. இதை நிறுத்தி வெச்சா நிறுத்தின எடத்துல இருக்கட்டும். பேட்டரி மட்டும் நல்லா வெச்சிருக்கேன்."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

இந்த வண்டிக்கு வேலை குறைந்திருக்கிறது. காரணம், இங்கே இருப்பவர்களின் வாழ்க்கை கொஞ்சம் லேசாகியிருக்கிறது. அதற்காக நான் வருத்தப்படத் தேவையில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், அந்த வண்டியால் உயிர் பிழைத்தவர்களும் அதை இன்றும் துடைத்து வைத்திருப்பவர்களும்தான்.

கீழே மானேபஞ்சாங் வந்து இறங்கியதும் தாஜு காலடியில் இருந்த கல்லை எடுத்தார். அவருக்கு முன்னால் அப்பா அதைக் கையில் வாங்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

நீங்களும் போகணுமா?

* சென்னையிலிருந்து ரயிலில் நியூ ஜல்பாய்குரி அல்லது விமானத்தில் பாக்டோக்ரா. அங்கிருந்து மிரிக் வழியாக மானேபஞ்சாங் வரை டாக்ஸியில் நான்கு மணி நேரம் போல ஆகும்.

* ஏப்ரல், மே மாதங்களில் பூக்கள். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும், சிகரங்கள் நன்றாகத் தெரியும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை தேசியப் பூங்கா மூடியிருக்கும்.

* அசல் அடையாள அட்டை கட்டாயம். வழியில் சோதனைச்சாவடிகள் உண்டு.

* ஒரே நாளில் 3,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். தலைவலி, குமட்டல் வரலாம். தும்லிங்கில் ஒரு ராத்திரி தங்கிப் போவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

* பொலீரோவா, லேண்ட் ரோவரா? முதுகுவலி இருந்தால் பொலீரோ. மற்றவர்கள் ஒருமுறையாவது லேண்ட் ரோவரில் ஏறிப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்கு ஒரு சவாரி கிடைத்தால், அந்த பேட்டரிச் செலவுக்காவது ஆகும்!